மகமையா, கட்டளையா, கஜானாவா? எச்.ஐ.வி. சிகிச்சைக்குச் சொந்தப் பணம் திரட்டும் வழிகள்

பர்மாவில் போட்ட முதல் என்ன ஆயிற்று என்று செட்டிநாட்டில் யாரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பான் படை வந்தது. 1960-களில் மிச்சமீதியும் தேசியமயமாகிப் போனது. வரவு நின்றுவிட்டது, கானாடுகாத்தானிலும் தேவகோட்டையிலும் கட்டிவைத்த வீடுகளுக்கு ஓடு மாற்றும் செலவு மட்டும் நிற்கவில்லை.

ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் பல நாடுகளின் எச்.ஐ.வி. திட்டங்கள் இன்று அந்த நிலையில்தான் இருக்கின்றன. 2003-ல் தொடங்கிய, வெளிநாடுகளின் எய்ட்ஸ் பணிக்கு அமெரிக்கா தரும் பெப்ஃபார் உதவிப் பணத்தை நம்பி ஆய்வகம், ஆலோசகர், மருந்துக் கிடங்கு எல்லாம் எழுந்தன. 2025 ஜனவரி 20 அன்று வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்திவைக்க ஒரே ஓர் ஆணை வந்தது. உயிர்காக்கும் சிகிச்சைக்கு விலக்கு கொடுத்ததெல்லாம் பிறகுதான். எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்காகப் பல நாடுகள் சேர்ந்து பணம் போடும் குளோபல் ஃபண்டுக்கு 2022-ல் நாடுகள் தருவதாகச் சொன்னது 1,570 கோடி டாலர். 2025 நவம்பரில் சொன்னது 1,134 கோடி. உலகில் எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சுமார் 4 கோடி பேர். அவர்களில் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தினமும் மாத்திரை போடுகிறார்கள். ஆயுள் முழுக்கப் போட வேண்டிய மாத்திரை.

காரைக்குடிப் பக்கம் இதைப் பற்றிக் கேட்பவர்கள் இரண்டு வகை. பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகள், "ஒரு நாடு இதற்குச் சொந்தப் பணம் எங்கிருந்து எடுக்கலாம்? தனி வரியா, பொதுப் பட்ஜெட்டா, இன்சூரன்ஸா?" என்கிறார்கள். அறக்கட்டளை நடத்துபவர்கள், "நாங்கள் ஒரு கட்டளை, அதாவது முதலைத் தொடாமல் வட்டியில் நடக்கும் தர்மம், எழுதி வைத்தால் உதவுமா?" என்கிறார்கள். முதல் கேள்வியைத் தீர்த்தால் இரண்டாவதற்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

## முதலில் செலவைப் பிரித்துப் பார்ப்போம்

1 லட்சம் பேர் சிகிச்சையில் இருக்கும் ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். இன்று பெரும்பாலான நாடுகள் கொடுப்பது டெனோஃபோவிர், லமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. குளோபல் ஃபண்ட் மொத்தமாகப் பேசி வாங்கும் விலை, 2023 முதல், ஒருவருக்கு ஓராண்டுக்கு 45 டாலருக்கும் கீழே. 2000 வாக்கில் இதே வகைச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு 10,000 டாலருக்கு மேல் ஆனது. 2001-ல் மும்பை சிப்லா 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் விலை சரியத் தொடங்கியது. ஆக, நம் கணக்கு நாட்டுக்கு மாத்திரைச் செலவு ஆண்டுக்கு 45 லட்சம் டாலர். கையிருப்புக்கு இன்னும் மூன்று மாதச் சரக்கு வேண்டும். புதிதாகச் சேர்பவர்களுக்கும் சேர்த்தே வாங்க வேண்டும்.

இது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கும்: மாத்திரை இன்று மலிவு. பணம் தின்பவை மற்றவை. ரத்தத்தில் கிருமி எவ்வளவு என்று பார்க்கும் வைரல் லோட் பரிசோதனை, ஆலோசகர் சம்பளம், மாத்திரை வாங்க வராதவரை வீடு தேடிப் போய் அழைத்து வரும் களப்பணியாளர், பாலியல் தொழிலாளர்களிடமும் ஊசிப் போதை எடுப்பவர்களிடமும் திருநங்கையரிடமும் போகும் தடுப்புப் பணி. வெளிநாட்டுப் பணம் அதிகம் தாங்கியதும் இந்தப் பகுதியைத்தான். தென்னாப்பிரிக்கா தன் செலவில் ஏறத்தாழ முக்கால் பங்கைச் சொந்தப் பட்ஜெட்டில் போடும் நாடு. அங்கேகூட 2025-ல் அமெரிக்கப் பணம் நின்றபோது, மாத்திரை நிற்கவில்லை. பரிசோதகர்களும் களப்பணியாளர்களும் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், பணம் தவறாமல் வருமா என்பது. ஆண்டுக்கு எவ்வளவு என்பதைவிட மாதா மாதம் வருகிறதா என்பதே முக்கியம். மாத்திரை விட்டு விட்டுப் போட்டால் கிருமி மறுபடி பெருகும். மருந்துக்கு மசியாத கிருமியாக மாறவும் வாய்ப்பு உண்டு. பிறகு விலை கூடிய மருந்துக்குப் போக வேண்டும்.

அடுத்து, ஆட்கள் கூடக் கூடப் பணமும் கூடுமா, விலைவாசி ஏறினால் தாங்குமா. மூன்றாவது, யார் தலையில் விழுகிறது. நான்காவது, நோயாளியின் பெயர் வெளியே வருமா. ஐந்தாவதை நிதி அமைச்சகங்கள் வசதியாக மறந்துவிடுகின்றன: தடுப்புப் பணிக்கும் இந்தப் பணம் போகுமா? ஓட்டு வாங்கித் தராத மக்களுக்கான செலவு எந்த நாட்டிலும் முதலில் வெட்டுப்படும்.

## பொதுப் பட்ஜெட்

கூட்டுக் குடும்பத்துப் பொதுப் பணப்பெட்டி போல. எல்லாச் செலவும் ஒரே பெட்டியிலிருந்து. யாருக்கு எவ்வளவு என்பது பெட்டிச் சாவி வைத்திருப்பவர் கையில்.

இந்தியா பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. 1992-ல் தேசியத் திட்டம் தொடங்கியபோது உலக வங்கியின் 8.4 கோடி டாலர் கடன்தான் அச்சாணி. 2021 முதல் 2026 வரையிலான ஐந்தாம் கட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புக்கொண்ட தொகை 15,471.94 கோடி ரூபாய். முப்பது ஆண்டுக்குள் கடனிலிருந்து சொந்தக் காலுக்கு வந்த கதை.

இந்த வழியின் பலம் அளவு. வேறு எந்த வழியும் இவ்வளவு பெரிய தொகையைத் தராது. வசூலுக்குத் தனி ஆள் வேண்டாம். வரி வசூல் ஓரளவு நேர்மையாக இருந்தால் பாரம் வசதியுள்ளவர் பக்கம் சாயும்.

மறைந்திருக்கும் செலவு, ஒதுக்கீட்டுக்கும் விடுவிப்புக்கும் நடுவில் இருக்கிறது. ஏப்ரலில் ஏட்டில் எழுதிய தொகை டிசம்பரில் கைக்கு வந்தால், வெளிநாட்டிலிருந்து மருந்து வாங்கும் நாட்டுக்கு அந்த ஆண்டு போனது போனதுதான். ஆர்டர் போட்டுச் சரக்கு கிடங்குக்கு வரப் பல மாதம் ஆகும். பணம் இருந்தும் தட்டுப்பாடு வரும் என்பதை நாமே பார்த்தோம். 2022 ஜூலையில் டெல்லியில் நாகோ (தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு) அலுவலகத்தின் முன் நோயாளிகள் வாரக்கணக்கில் உட்கார்ந்து கேட்டது புதுத் திட்டமல்ல, மாத்திரை. டெண்டர் இழுபறிதான் அன்று பேசப்பட்ட காரணம்.

இன்னொன்று சம்பளம். வெளிநாட்டுத் திட்டத்தில் இருந்த ஆலோசகரை அரசு எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் முதலில் பணியிடம் உருவாக்க வேண்டும். நிதித்துறை ஒப்புதல் வேண்டும். சம்பள விகிதமும் ஒத்துவராது. கட்டடத்தைக் கைமாற்ற ஒரு கையெழுத்து போதும், ஆட்களைக் கைமாற்ற இரண்டு பட்ஜெட் ஆண்டாவது வேண்டும்.

இந்த வழி எடுக்கும் நாடு செய்ய வேண்டியவை நான்கு: மருந்துக்குத் தனிக் கணக்குத் தலைப்பு, அதிலிருந்து வேறு செலவுக்கு மாற்றத் தடை, மருந்துப் பணத்தை முதல் காலாண்டிலேயே விடுவித்தல், ஒரே கம்பெனியை நம்பாமல் பல ஆண்டு விலை ஒப்பந்தம். தென்னாப்பிரிக்கா இந்தப் பணத்தை மாகாணங்களுக்கு நிபந்தனை மானியமாக, வேறெதற்கும் தொடக்கூடாது என்ற கட்டோடு தருகிறது. 2010-ல் டெண்டரைத் திருத்திப் போட்டு மருந்து விலையைப் பாதிக்கும் கீழே இறக்கியது. புது வரி எதுவும் போடாமல் கிடைத்த பணம் அது.

## தனி வரி: நம்மூர் பாஷையில் மகமை

வியாபாரத்தில் இத்தனைக்கு இவ்வளவு என்று தர்மத்துக்கு எடுத்து வைப்பது மகமை. ஜிம்பாப்வே 2000 முதல் இதை நாட்டளவில் செய்கிறது. அங்கே எய்ட்ஸ் வரி 3 சதவீதம். இதை வருமானத்தில் 3 சதவீதம் என்று பலரும் தப்பாக எழுதுகிறார்கள். அது கட்ட வேண்டிய வரியில் 3 சதவீதம். 1,000 வரி கட்டுபவர் 1,030 கட்டுவார், அவ்வளவுதான். பணம் நிதி அமைச்சகத்தில் கரையாமல் தேசிய எய்ட்ஸ் கவுன்சிலுக்குப் போகிறது. பாதி மருந்துக்கு என்பது விதி.

என்ன கெட்டது என்பதும் இதே நாட்டில் தெரியும். 2008-ல் பணவீக்கம் வெடித்தபோது, ஜனவரியில் வசூலித்த பணம் மார்ச்சில் காகிதம். 2009-ல் டாலருக்கு மாறிய பின் அந்த ஆண்டு வசூல் 60 லட்சம் டாலரைக்கூடத் தொடவில்லை. அடுத்த ஐந்து ஆண்டுக்குள் 3 கோடியைத் தாண்டியது. வரியின் விகிதம் மாறவே இல்லை, மாறியது பொருளாதாரம். மாதச் சம்பளக்காரர் குறைந்து தெருவோர வியாபாரம் பெருகிய நாட்டில் இந்த வரி சிலர் தோளில் மட்டும் உட்காரும்.

உகாண்டா 2014 சட்டத்தில் பீர், குளிர்பானம், பாட்டில் தண்ணீர் போன்றவற்றின் வரி வருவாயில் 2 சதவீதம் எய்ட்ஸ் நிதிக்கு என்று எழுதியது. சட்டம் வந்தும் பல ஆண்டு அந்த நிதி ஓடவில்லை. வரிப் பணத்தை இன்னொரு பெட்டிக்கு அனுப்ப நிதி அமைச்சகங்களுக்கு மனசு வருவதில்லை. அது உகாண்டாவுக்கு மட்டும் உரிய குணமல்ல. தாய்லாந்து 2001-ல் மது, புகையிலைக் கலால் மேல் 2 சதவீதம் கூடுதலாகப் போட்டு, அதை நேராக உடல்நல மேம்பாட்டு நிதிக்கு அனுப்பியது. அது ஓடியதற்குக் காரணம் எளிது: பழைய வருவாயில் பங்கு கேட்கவில்லை, மேலே கூட்டி எடுத்தது.

மறைச் செலவில் பெரியது, மாமியார் வீட்டுக் கணக்கு: "உனக்குத்தான் தனி வரும்படி இருக்கிறதே" என்று பொதுப் பெட்டியிலிருந்து தருவதைக் குறைப்பார்கள். மகமை 10 கோடி வந்து, பட்ஜெட்டில் 8 கோடி வெட்டினால் நிகர லாபம் 2 கோடி. "போன ஆண்டு ஒதுக்கீட்டுக்குக் கீழே போகக் கூடாது" என்ற ஒரு வரி சட்டத்தில் இல்லாவிட்டால் தனி வரி வெறும் பெயர்ப்பலகை.

இது பொருந்துவது, அரசியல் கவனம் குறைந்து, அதே சமயம் வரித்துறை நன்றாக ஓடும் நாட்டுக்கு. நோயாளி எண்ணிக்கை மிகக் குறைவான நாட்டில் ஒரு நோய்க்கு ஒரு வரி என்பது ஆடம்பரம். நாளை காசநோய்க்காரரும் சிறுநீரகக்காரரும் தனித்தனி வரி கேட்பார்கள்.

## இன்சூரன்ஸ்

வியட்நாமைப் பார்ப்பது நல்லது, தடுக்கி விழுந்த இடமெல்லாம் அங்கே தெரிகிறது. 2019 மார்ச்சில் சமூக மருத்துவக் காப்பீட்டுப் பணத்தில் எச்.ஐ.வி. மருந்து தரத் தொடங்கினார்கள். அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் அடித்தளம் போட வேண்டியிருந்தது. வெளிநாட்டுப் பணத்தில் நடந்த பல மையங்கள் நோய்த் தடுப்பு அலுவலகங்களில் இருந்தன. சிகிச்சை தரும் மருத்துவமனை என்ற தகுதி இல்லாததால் காப்பீடு அவற்றோடு ஒப்பந்தம் போட முடியாது. மையங்களை மருத்துவமனைக்குள் கொண்டுபோக வேண்டியிருந்தது. சந்தா கட்ட முடியாதவர்களுக்கு மாகாண அரசுகள் கட்டின. அட்டை காட்டினால் பெயர் தெரிந்துவிடும் என்ற பயம் எல்லாவற்றுக்கும் மேல். வீட்டோடு மொத்தமாகச் சேர் என்ற விதியும் சிக்கல்தான்: வீட்டுக்குத் தெரியாமல் மாத்திரை போடுபவர் என்ன சொல்லிச் சேர்வார்?

தாய்லாந்து சந்தா இல்லாமல் வரிப் பணத்திலேயே ஓடும் பொதுச் சுகாதாரத் திட்டத்துக்குள் 2006-ல் எச்.ஐ.வி. சிகிச்சையைக் கொண்டுவந்தது. அதே ஆண்டு நவம்பரில் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குக் கட்டாய உரிமமும் கொடுத்தது, அதாவது காப்புரிமைக்காரர் சம்மதம் இல்லாமலே மலிவுப் பதிப்பைப் பெற அனுமதி. மருந்து விலையை இறக்காமல் காப்பீட்டில் சேர்த்திருந்தால் நிதி அங்கேயே மூச்சுத் திணறியிருக்கும். பெயருக்கு இரண்டும் காப்பீடு என்றாலும், ஏழை நோயாளிக்குத் தாய்லாந்து முறை எவ்வளவோ மேல்.

இன்சூரன்ஸின் பெரிய ஓட்டை தடுப்பு. காப்பீடு நோயாளிக்குப் பணம் தரும். நோயாளி ஆகாமல் பார்த்துக்கொள்ள ஊர் சுற்றும் களப்பணியாளருக்குத் தராது. ஆணுறை, சுத்தமான ஊசி, இரவில் தெருவில் போய்ப் பேசுவது இதற்கெல்லாம் பில் போடும் எண் எந்தக் காப்பீட்டிலும் கிடையாது, தனியாக எழுதிச் சேர்த்தாலொழிய. மக்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே காப்பீட்டில் இருக்கும் நாட்டுக்கு மட்டுமே இந்த வழியைப் பரிந்துரைக்கலாம். காப்பீட்டையே புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கும் நாடு, ஈரச் சுவரில் உத்தரம் வைக்கக் கூடாது.

## கடனும் கடன் மாற்றும்

சுருக்கமாகப் போதும். ஆய்வகம், கிடங்கு, கணினிப் பதிவு போன்ற ஒரு முறைச் செலவுக்குக் கடன் சரி. தினப்படி மாத்திரைக்குக் கடன் வாங்குவது வட்டி கட்ட வட்டிக்கு வாங்குவது. கடன் மாற்று வேறு சங்கதி: 2007-ல் ஜெர்மனி இந்தோனேஷியாவின் 5 கோடி யூரோ கடனைத் தள்ளியது, பதிலுக்கு இந்தோனேஷியா 2.5 கோடி யூரோவைக் குளோபல் ஃபண்ட் வழியாகத் தன் நாட்டுச் சுகாதாரத்தில் போட்டது. லாபம்தான். ஆனால் ஒரு தடவை வரும் மழை.

## கட்டளை: முதல் தொடாமல் வட்டியில்

நமக்கு ரத்தத்தில் ஊறிய வழி. முதலை வைத்துவிட்டு வட்டியில் விளக்கெரிப்பது. நாட்டளவில் இது ஏன் நடக்காது என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். நம் கணக்கு நாட்டுக்கு மாத்திரைக்கு மட்டும் 45 லட்சம் டாலர் வேண்டும். விலைவாசி போக நிகர வட்டி 4 சதவீதம் என்றால் முதல் 11.25 கோடி டாலர் வேண்டும். அவ்வளவு பணத்தை ஒதுக்கிவைக்கும் நாட்டுக்கு இந்தக் கட்டுரை தேவைப்படாது.

சிறிய, குறிப்பிட்ட தேவைக்குக் கட்டளை அருமையாக வேலை செய்யும். தமிழ்நாடு அரசு 2009-ல் எய்ட்ஸால் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கென அறக்கட்டளை தொடங்கி 5 கோடி ரூபாய் முதலாக வைத்தது. பிறகு முதல் உயர்த்தப்பட்டது. வட்டி குழந்தைகளின் சத்துணவுக்கும் படிப்புக்கும் போகிறது.

| வழி | தவறாமல் வருமா | மறைச் செலவு | தடுப்புக்குப் போகுமா |
|---|---|---|---|
| பொதுப் பட்ஜெட் | தனித் தலைப்பு இருந்தால் | தாமத விடுவிப்பு, பணியிட உருவாக்கம் | அரசியல் மனசைப் பொறுத்து |
| தனி வரி | பொருளாதாரம் ஓடும்வரை | பட்ஜெட் வெட்டு | சட்டத்தில் எழுதினால் |
| இன்சூரன்ஸ் | நிதி திவாலாகாதவரை | சந்தா, பெயர் வெளிவருதல், மையம் இடமாற்றம் | பெரும்பாலும் இல்லை |
| கடன், கடன் மாற்று | ஒரு தடவை | வட்டி, பேச்சுவார்த்தைக் காலம் | ஒப்பந்தப்படி |
| கட்டளை | ஆம், சிறிதாக | விலைவாசி தின்னும் | ஆம் |

## எந்த நாடு எதை எடுக்கலாம்

மாத்திரையும் பரிசோதனையும் பொதுப் பட்ஜெட்டில் தனித் தலைப்பில்தான் இருக்க வேண்டும். நாட்டில் காப்பீடு பழுத்திருந்தால் அதில். மற்ற வழியெல்லாம் இதற்குத் துணை. தனி வரி போட முடிகிற நாடு அந்தப் பணத்தை மாத்திரைக்கு விடாமல், பட்ஜெட் கைவிடும் தடுப்புப் பணிக்குப் பூட்டி வைப்பது மேல். மாத்திரை நின்றால் கூச்சல் வரும். அரசு எப்படியும் பணம் தேடும். களப்பணியாளர் நின்றால் சத்தமே இருக்காது; அதன் விலை பல ஆண்டு கழித்துப் புதுத் தொற்றாக வரும். ஜிம்பாப்வேயின் 'பாதி மருந்துக்கு' விதியை இன்று புதிதாக எழுதினால் தலைகீழாக எழுதலாம்.

சிறிய நாடு தனியாக டெண்டர் போடுவதையும் தவிர்க்கலாம். சொந்தப் பணமாகவே இருந்தாலும், குளோபல் ஃபண்ட் போன்ற கூட்டுக் கொள்முதலில் சேர்ந்து வாங்கினால் அந்த 45 டாலர் விலை கிடைக்கும். "எங்கள் பணம், நாங்களே வாங்குவோம்" என்ற வீறாப்புக்கு ஒன்றரை மடங்கு விலை கொடுத்தால் யாருக்கு லாபம்?

## உள்ளூர் அறக்கட்டளைக்கு

நம் மாநிலத்தில் கூட்டு மருந்து, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் இலவசம், 2004 ஏப்ரலிலிருந்து அப்படித்தான். ஆகவே மாத்திரை வாங்கித் தரப் பணம் ஒதுக்க வேண்டாம். விட்டுப்போகும் இடம் சத்துணவும் பிள்ளைகள் படிப்பும்.

கையில் 10 லட்சம் இருக்கிறது, 7 சதவீத வட்டி என்று வைப்போம். ஆண்டுக்கு 70,000. அதில் 20,000-ஐ முதலோடு சேர்த்துவிட வேண்டும். சேர்க்காத கட்டளைகளின் கதி தெரிந்ததே, அன்று மாதம் முழுக்க எண்ணெய் வாங்கிய வட்டியில் இன்று திரிகூட வராது. மிச்சம் 50,000. ஒரு குழந்தைக்கு மாதம் 500 ரூபாய்க்கு முட்டை, கடலை, பயறு என்றால் ஆண்டுக்கு 6,000. எட்டுக் குழந்தைகள்.

வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் புள்ளி வரி முறையில், 300 வீடு ஆண்டுக்கு 500 ரூபாய் தந்தால் 1,50,000. இருபத்தைந்து குழந்தைகள். தொகை மூன்று மடங்கு. ஆனால் ஆண்டுதோறும் ஆள் போய் வசூலிக்க வேண்டும், வெளியூரில் இருக்கும் புள்ளிகளுக்கு நினைவூட்ட வேண்டும், நாலாம் ஆண்டில் சுணங்கும். இரண்டையும் சேர்ப்பது நல்லது: பிள்ளைகளின் படிப்பைக் கட்டளை வட்டியில் வைத்து, வரிப் பணத்தை அந்தந்த ஆண்டுத் தேவைக்கு விடுங்கள். படிப்பை வரிப் பணத்தில் தொடங்கினால் பாதியில் நிறுத்த நேரும்.

இன்னொன்று, நம் பக்கத்துப் பழக்கம் கல்வெட்டு. கொடுத்தவர் பெயரைத் தாராளமாகப் பொறிக்கலாம். பெற்றவர் பெயர் பேரேட்டில்கூட வேண்டாம். மையம் தரும் எண் போதும். 2018 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் எச்.ஐ.வி. சட்டப்படி ஒருவரின் நிலையை அவர் சம்மதம் இல்லாமல் வெளிவிடுவதற்குத் தடை உண்டு. ஆண்டு விழாவில் பிள்ளைகளை மேடையேற்றிப் பொட்டலம் கொடுத்துப் படம் எடுப்பதும் அதில் அடங்கும். பத்திரம் எழுதும்போதே "பயனாளிகள் எண்ணால் மட்டும் குறிக்கப்படுவர், தணிக்கையாளர் எண்ணையும் மைய ஊழியரின் கையெழுத்தையும் மட்டும் சரிபார்ப்பார்" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், பின்னால் வரும் டிரஸ்டி யாரும் பெயர்ப்பட்டியல் கேட்க முடியாது.